மூன்றே நாளில் கேட்ட மருந்து: மூலிகைக் கலப்படம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் நான் வேலை பார்க்கும் மருந்தகத்துக்கு மாதா மாதம் வரும் அம்மா ஒருவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்குவார், கவுண்டரில் சாய்ந்து நின்று முட்டி வலியைப் பற்றி ஐந்து நிமிடம் புலம்புவார், போய்விடுவார். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் புலம்பல் இல்லை.

“முட்டி எப்படிம்மா இருக்கு?”

“அதையேன் கேக்கிற தம்பி. பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒரு மருந்து வாங்கினேன். எல்லாம் மூலிகைதான். மூனே நாள்ல கேட்டுருச்சு. இப்போ லிஃப்ட் கெட்டுப் போனாகூட நாலு மாடி ஏறிடுறேன்.”

கூட வந்த மகளுக்கும் மகிழ்ச்சி. “அம்மா இப்பத்தான் கொஞ்சம் பூசினாப்ல இருக்காங்க, பார்த்தீங்களா?” என்றார். பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாகிப் பளபளவென்று இருந்தது. ஆனால் கையும் காலும் பழையபடி மெலிவாகவே இருந்தன. முழங்கைக்குக் கீழே, எங்கோ இலேசாக இடித்துக்கொண்ட இடத்தில், கருநீலமாகக் கன்றிப் போயிருந்தது. உடம்பு தேறினால் எல்லாப் பக்கமும் தேறும். முகம் மட்டும் தேறினால் வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். மருத்துவத்தில் இதற்கு ‘நிலா முகம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் அழகுதான்.

மறுநாள் அந்தப் புட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். வெள்ளைப் பிளாஸ்டிக் புட்டி, பச்சை இலை போட்ட லேபிள். உள்ளே இருப்பது மஞ்சள், இஞ்சி, பூனைமீசை என்று மலாயில் எழுதியிருந்தது. மூன்றுமே நம் வீட்டுப் பொருள்கள். மூன்றும் சேர்ந்தாலும் மூன்று நாளில் அறுபது வயது முட்டியை நான்கு மாடி ஏற்றாது. இந்தக் கட்டுரை அந்தப் புட்டியில் வேறு என்ன இருந்திருக்கும் என்பதைப் பற்றியது.

கலப்படம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கதை

கலப்படம் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது மிளகில் பப்பாளி விதை, பாலில் தண்ணீர். அங்கே ஏமாறுவது பை மட்டும்தான். மருந்தில் கதை வேறு. ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொன்றைப் போட்டிருக்கலாம். நல்ல மூலிகையோடு ஈயம், பூஞ்சை, பூச்சிமருந்து என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அல்லது, மூலிகை என்று சொல்லிவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டிய ஆங்கில மருந்தை இரகசியமாக உள்ளே தூவியிருக்கலாம். முதலாவது ஆள்மாறாட்டம், இரண்டாவது அழுக்கு, மூன்றாவது திட்டம் போட்டுச் செய்யும் வேலை. ஒவ்வொன்றும் உடம்பைத் தாக்கும் விதம் வேறு, கண்டுபிடிக்கும் வழியும் வேறு. அதனால் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஆள்மாறாட்டம்

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இரண்டு திருப்பம் நடந்தால் நாட்டு மருந்து வாசனை மூக்கைத் தேடி வந்துவிடும். வசம்பு, சுக்கு, கடுக்காய், அதிமதுரம். இவை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து மூட்டையாக வருபவை. வேரையும் பட்டையையும் காயவைத்துவிட்டால் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். பொடித்துவிட்டால் அதைப் பறித்தவரே வந்தாலும் அடையாளம் சொல்லத் திணறுவார்.

அசோகப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களின் மாதவிடாய்த் தொல்லைக்குக் கொடுப்பது. உண்மையான அசோக மரம் அரிதாகிவிட்டது. ஆனால் சாலை ஓரம் நெட்டையாக, குடையை மடக்கி வைத்த மாதிரி நிற்கிறதே நெட்டிலிங்க மரம், அதையும் ஊரில் பலர் அசோகா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதன் பட்டை மலிவு, தேடிப் போகவும் வேண்டாம். அசோகப் பட்டை என்ற பெயரில் சந்தைக்கு வருவதில் இதுவும் உண்டு. பெரிய தீங்கு செய்யாமல் போகலாம், ஆனால் வாங்கியவரின் தொல்லையும் தீராது. நன்னாரி வேரில் மாகாளி வேர் கலப்பதும் இப்படித்தான். இரண்டும் மணக்கும் என்பதால் முகர்ந்து பார்த்து வாங்குபவரையும் ஏமாற்றிவிடலாம்.

எல்லாமே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்பார்கள். ஒரு சரக்கு கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் எதைச் சேர்க்கலாம் என்று பழைய மருத்துவ நூல்களே சொல்லியிருக்கின்றன. அது மாற்று, வைத்தியருக்கும் தெரியும், நோயாளியிடமும் சொல்லலாம். சொல்லாமல் செய்தால் கலப்படம்.

சில நேரம் குற்றவாளி வெறும் பெயர்தான். சங்கபுஷ்பி என்று வடமொழி நூலில் இருப்பதற்கு வடக்கே ஒரு செடியைக் காட்டுவார்கள், இன்னொருவர் விஷ்ணுகிரந்தியைக் காட்டுவார், தெற்கே நாம் நீலநிறச் சங்குப்பூவைக் காட்டுவோம். ஆமாம், நாசி கெராபு என்ற மலாய்ச் சோற்றுக்கு நீலம் ஏற்றுகிறார்களே, அதே புங்கா தெலாங். ஒரு பெயர், மூன்று செடி.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றினால், பெல்ஜியத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்சில் ஒரு மெலியும் சிகிச்சை நிலையம் சீன மூலிகை சேர்த்த காப்ஸ்யூல் கொடுத்தது. சேர்க்க வேண்டியது ஹான் ஃபாங் ஜி என்ற வேர். சேர்ந்ததோ குவாங் ஃபாங் ஜி. பெயரில் ஓர் அசைதான் வித்தியாசம். ஆனால் இரண்டாவது செடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. அது சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்துவிடும். 1993-இல் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள். அவர்களில் பலர் டயாலிசிஸ் வரைக்கும், மாற்று அறுவைச் சிகிச்சை வரைக்கும் போனார்கள். சிலருக்குப் பல ஆண்டு கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே குடும்பத்துச் செடிகள்தான் என்பதை நாட்டு மருந்து பிரியர்கள் ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அன்னாசிப்பூவிலும் ஒரு கதை உண்டு. பிரியாணிக்குப் போடும் சீன அன்னாசிப்பூ நல்லது. அதன் சகோதரி போலவே இருக்கும் ஜப்பானிய அன்னாசிப்பூவில் நரம்பைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. கைக்குழந்தைக்கு வயிற்று உப்புசம் என்று அன்னாசிப்பூத் தண்ணீர் கொடுத்து, குழந்தைக்கு வலிப்பு வந்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. காய்ந்த பூவை வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது.

அழுக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செடி மண்ணில் வளர்கிறது. மண்ணில் ஈயமோ ஆர்செனிக்கோ இருந்தால் வேர் உறிஞ்சும். ஈரமான மூட்டையில் பூஞ்சை பிடிக்கும்; சில பூஞ்சைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். பளிச்சென்ற நிறத்துக்காக வேண்டுமென்றே பூசுவதும் நடக்கிறது. வங்காளதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு ஈய குரோமேட் பூசி மெருகேற்றியதை 2019-இல் வெளியான ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. இங்கே பினாங்கிலும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொங்காட் அலி என்ற மலாய் மூலிகை மருந்துகளைச் சோதித்தபோது சிலவற்றில் பாதரசம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது.

மலேசியாவில் அந்த அளவு என்ன? ஒரு கிலோ மருந்தில் ஈயம் 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, பாதரசம் அரை மில்லிகிராம், காட்மியம் 0.3. இதற்கு மேல் இருந்தால் பாரம்பரிய மருந்தாகப் பதிவு கிடைக்காது.

“சித்த மருத்துவத்தில் பாதரசமும், ஆர்செனிக் உள்ள தாளகமும், பாதரசம் உள்ள லிங்கமும் சேர்ப்பது வழக்கம்தானே?” என்று கேட்பீர்கள். வழக்கம்தான். பஸ்பம், செந்தூரம் எல்லாம் அப்படி வந்தவை. அங்கே உலோகம் கலப்படம் அல்ல, சேர்மானம். அதைச் சுத்தி செய்து, புடம் போட்டு, அளவோடு கொடுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஆனால் புடம் சரியாகப் போட்டார்களா என்பதை வாட்சாப்பில் படம் பார்த்து நீங்கள் தீர்மானிக்க முடியாது. உங்கள் சிறுநீரகத்துக்கும் சேர்மானமா கலப்படமா என்ற வித்தியாசம் தெரியாது. ஈயம் ஒரே நாளில் ஆளைச் சாய்க்காது. எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு, பெரியவருக்கு வயிற்று வலியும் சோகையுமாகக் காட்டும். குழந்தைக்கு மூளை வளர்ச்சியைத் தின்றுவிடும். அது பிறகு திரும்பாது. அதனால்தான் குழந்தைக்குக் கொடுக்கும் பொடிகளில் நான் இரட்டிப்புச் சந்தேகக்காரன்.

திட்டம் போட்ட கலப்படம்

இனி அந்த அம்மாவின் புட்டிக்கு வருவோம்.

மூட்டு வலிக்கு விற்கும் போலி மூலிகையில் அடிக்கடி பிடிபடுவது டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுகள். கூடவே டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணி இருக்கும். பசியும் தூக்கமும் வரட்டும் என்று சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமைனும் சேர்வது உண்டு. நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார், வலி இல்லை. வேறு என்ன வேண்டும்? மருந்து கேட்டுவிட்டது என்று அக்கம் பக்கம் பத்து பேருக்குச் சொல்வார். விற்பவருக்கு அதைவிட விளம்பரம் தேவையில்லை.

ஏன் டெக்சாமெத்தசோன்? மலிவு, அதோடு கைகாரன். 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் செய்யும் வேலையை இது முக்கால் மில்லிகிராமில் முடித்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் தூளை வாங்கினால் 1,300 காப்ஸ்யூலுக்கு மேல் தூவலாம். அரை கிராம் மஞ்சள் பொடிக்குள் அந்த முக்கால் மில்லிகிராமை நாக்கும் கண்டுபிடிக்காது, மூக்கும் கண்டுபிடிக்காது.

அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்த மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அது தினமும் கார்ட்டிசோல் என்ற சுரப்பைத் தயாரிக்கிறது. காய்ச்சலோ, அடியோ, அதிர்ச்சியோ வரும்போது இரத்த அழுத்தம் விழாமல், சர்க்கரை குறையாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். ஸ்டீராய்டு மாத்திரை என்பது கார்ட்டிசோலின் வேலையை அதைவிட வலுவாகச் செய்யும் ஆள். வெளியிலிருந்து தினமும் ஆள் வந்து வேலையை முடித்துவிட்டால் வீட்டு ஆள் என்ன செய்வான்? படுத்துவிடுவான். சில வாரங்களில் சுரப்பி சோம்பிப் போய், கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கவும் தொடங்கும்.

அதற்குள் மற்ற வேலைகளும் நடக்கும். கொழுப்பு இடம் மாறி முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் சேரும். தோல் மெலிந்து தொட்டால் கன்றும். சர்க்கரை ஏறும், இரத்தக் கொதிப்பு ஏறும், எலும்பு உள்ளுக்குள் பொடியும், கிருமி தொற்றினால் உடம்பு எதிர்த்து நிற்காது. நீரிழிவுக்காரர், “மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன், சர்க்கரை மட்டும் ஏன் பதினெட்டுக்குப் போகிறது?” என்று கிளினிக் கெசிஹாதானில், அதாவது அரசாங்க கிளினிக்கில், கேட்கும்போது, வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் திருப்பிக் கேட்பார். மூலிகை மருந்து என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல் “ஒன்றும் இல்லை” என்பார்கள் நம் ஆட்கள். பொய் சொல்வதில்லை, மூலிகையை மருந்தாகவே நினைப்பதில்லை.

இதைவிட ஆபத்தான நாள் ஒன்று இருக்கிறது. மருந்தை நிறுத்தும் நாள். வெளியாள் திடீரென்று வரவில்லை, வீட்டு ஆளோ எழுந்திருக்கும் நிலையில் இல்லை. சோர்வு, வாந்தி, தலைச்சுற்றல், இரத்த அழுத்தம் விழுதல், சிலருக்கு மயக்கம். உயிருக்கே ஆபத்தாகிவிடும் நிலை இது. ஸ்டீராய்டு எழுதிக் கொடுக்கும் டாக்டர் நிறுத்தும்போது ஏன் படிப்படியாகக் குறைக்கிறார் என்பது இப்போது புரியும். புட்டியில் ஸ்டீராய்டு இருப்பதே தெரியாதவர் எப்படிக் குறைப்பார்?

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். புட்டியைக் கொண்டுவந்த அன்றைக்கு அந்த அம்மாவிடம், “இதை நம்பாதீங்கம்மா, உடனே டாக்டரைப் பாருங்க” என்றேன். டாக்டரைப் பார்க்கும் வரை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லவில்லை. மகள் பயந்துபோய் அன்று இரவே புட்டியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்.

வலிக்கு மட்டும் இல்லை

என்ன நோய்க்கு விற்கிறார்கள் என்று தெரிந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். மெலிவதற்கு என்றால் சிபுட்ரமைன். இது ஒரு காலத்தில் முறையாக விற்ற மருந்து. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்ததும் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுத்தார்கள். இன்னும் ‘ஸ்லிம்மிங் காப்பி’யிலும் பழச்சாறுத் தூளிலும் ஒளிந்துகொண்டு வருகிறது. குடித்தவருக்கு நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், தூக்கம் வராது. “உடம்பில் கொழுப்பு கரைகிறது, அதனால்தான்” என்று விற்பவர் விளக்கம் கொடுப்பார்.

ஆண்களின் ‘சக்தி’க்கு என்றால் சில்டெனாஃபில், தடாலாஃபில். தொங்காட் அலி காப்பி, தேன், மிட்டாய் என்று பல வேடம். இதய நோய்க்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் இதைத் தெரியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்கு விழும். வீட்டில் வெளியே சொல்லக் கூசும் விஷயம் என்பதால் ஆஸ்பத்திரியிலும் சொல்ல மாட்டார்கள்.

நமக்கு மிக அருகில் நடந்தது 2008-இல், சிங்கப்பூரில். சர்க்கரை நோயே இல்லாத ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக, சர்க்கரை அடியோடு குறைந்து மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஐந்து மாதத்துக்குள் 150 பேர். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள்; அவர்களில் நான்கு பேர் இறந்துபோனார்கள். விசாரித்ததில் திருட்டுத்தனமாக விற்ற ஆண்மை மருந்துகள், அவற்றில் மூலிகை என்ற பெயரில் வந்தவையும் அடக்கம். சோதனைச் சாலையில் பார்த்தால் உள்ளே கிளிபென்கிளமைடு, அதாவது நீரிழிவு மாத்திரை. ஒரு மாத்திரையில் 13 முதல் 100 மில்லிகிராம் வரை. நீரிழிவுக்காரருக்கே ஒரு நாள் முழுவதற்கும் உச்ச அளவு 20 மில்லிகிராம்தான். ஆண்மை மருந்தில் நீரிழிவு மாத்திரைக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. இரகசியப் பட்டறைக்குள் எந்தத் தூள் எதில் விழுகிறது என்று கணக்குப் பார்க்க யாரும் கிடையாது.

தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துப் பார், தேனைத் தீக்குச்சியில் தடவிப் பார் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. மாவோ சாயமோ சேர்த்திருந்தால் சிலவற்றில் ஏதோ தெரியலாம். அரை கிராம் பொடிக்குள் ஒளிந்திருக்கும் முக்கால் மில்லிகிராம் ஸ்டீராய்டை எந்த டம்ளர் தண்ணீரும் காட்டிக் கொடுக்காது. ஈயத்தையும் அப்படித்தான்.

சோதனைச் சாலையில் எப்படிப் பிடிக்கிறார்கள்? பள்ளிக்கூட நாளில் மழையில் நனைந்த நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மையில் எழுதிய வரி ஈரத்தில் ஊறி, ஓரத்தில் நீலமும் ஊதாவும் தனித் தனியாகப் பிரிந்து நிற்கும். கறுப்பு என்று நாம் நினைத்தது பல நிறத்தின் கலவை. தண்ணீர் இழுக்கும்போது ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு தூரம் ஓடுகிறது. மருந்தையும் கரைத்து ஒரு தகட்டிலோ குழாயிலோ ஓடவிட்டால் உள்ளே இருப்பவை இப்படியே பிரியும். மஞ்சள் ஓடவேண்டிய தூரத்தில் மஞ்சள், அதற்குச் சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எவ்வளவு எடை என்று இன்னொரு கருவி அளந்தால் பெயர் தெரிந்துவிடும். இப்படி ஓடவிட்டுப் பிரிப்பதற்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயர். கலப்படக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. சில்டெனாஃபிலின் மூலக்கூறில் ஓர் ஓரத்தை மட்டும் மாற்றி, பழைய புள்ளியில் விழாதபடி புதுசு புதுசாகத் தயாரிக்கிறார்கள். மனிதர் உடம்பில் யாரும் சோதித்துப் பார்க்காத சரக்கு அது.

அந்த எண்

சரி, சோதனைச் சாலை நம் வீட்டில் இல்லை. என்ன செய்வது? மலேசியாவில் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே நல்ல ஆயுதம் பதிவு எண். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை 1992 முதல் பாரம்பரிய மருந்துகளையும் பதிவு செய்து வருகிறது. தயாரித்துப் பொட்டலம் கட்டி விற்கும் மூலிகை மருந்தின் லேபிளில் ‘எம்.ஏ.எல்.’ (MAL) என்ற மூன்று எழுத்து, அதன்பின் எட்டு இலக்கம், கடைசியில் ‘டி’ (T) என்ற எழுத்து இருக்க வேண்டும். டி என்றால் பாரம்பரிய மருந்து. ‘என்’ (N) என்றால் சத்துணவுத் துணைப் பொருள். கூடவே ஃபார்மாடேக் என்ற ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். ஃபார்மாசெக்கர் செயலியால் அதை ஸ்கேன் செய்து பார்க்கலாம்.

எண் இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அச்சடிப்பது யாருக்கும் எளிது. முகமையின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். அதே பெயர், அதே நிறுவனம் வருகிறதா? அந்த அம்மாவின் புட்டியைக் கவுண்டரில் வைத்து, லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு எண்ணைத் தட்டினேன். வந்தது ஓர் இருமல் மருந்து. வேறு யாருடைய எண்ணையோ எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

இரண்டு விஷயம் இங்கே குழம்பும். மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் காய்ந்த வேருக்கும் பட்டைக்கும் இந்த எண்ணைத் தேட வேண்டாம். அங்கே நீங்கள் நம்புவது கடைக்காரரின் கண்ணையும் மனச்சாட்சியையும்தான். அதோடு, பதிவு எண் இருந்தால் நோய் தீரும் என்று அர்த்தம் இல்லை. பாரம்பரிய மருந்துக்கு முகமை பார்ப்பது தரத்தையும் பாதுகாப்பையும்தான். குணமாக்குமா என்று அது உத்தரவாதம் தருவதில்லை. பதிவு பெற்ற மருந்திலேயே பிறகு கலப்படம் பிடிபட்டுப் பதிவை ரத்துசெய்ததும் உண்டு. ஆகவே எண் என்பது வாசல் பூட்டு மாதிரி. பூட்டு இருந்தும் திருடு போகலாம், அதற்காகப் பூட்டாமல் தூங்குவோமா?

விளம்பரத்தையும் கவனிக்கலாம். 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டத்தின்படி, நீரிழிவு, புற்றுநோய், இதயம், சிறுநீரகம், ஆஸ்துமா உட்பட 20 நோய்களுக்கு மருந்து இருப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யவே முடியாது. ஆகவே டிக்டாக்கில் ஒருவர் “சர்க்கரையை வேரோடு அறுக்கும்” என்று தொண்டை வறளப் பேசினால், மருந்து நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சிக்குப் போகுமுன்பே சட்டம் மீறப்பட்டுவிட்டது. பதிவில்லாத மருந்தை விற்று முதல் முறை பிடிபடும் தனிநபருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புகாரைச் சுகாதார அமைச்சின் மருந்து அமலாக்கப் பிரிவுக்குக் கொடுக்கலாம். தமிழில் சொன்னால்தான் வசதி என்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்கலாம். எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் அந்தச் சங்கம் இந்த மாதிரி விஷயங்களைப் ‘பயனீட்டாளர் குரல்’ பத்திரிகையில் தமிழிலேயே எழுதி வந்தது. நம்மில் பலருக்குப் பயனீட்டாளர் என்ற சொல்லே அங்கிருந்துதான் பழகியது.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால்

மருந்து நியாயமில்லாத வேகத்தில் கேட்டால் சந்தேகப்படுங்கள். மூலிகை பொதுவாக மெதுவாகத்தான் நடக்கும். வருடக் கணக்கான மூட்டு வலி மூன்றே நாளில் பறந்தால், முகம் மட்டும் உப்பினால், எப்போதும் இல்லாத பசி எடுத்தால், இரண்டு நாள் விட்டுவிட்டால் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால், அது மூலிகையின் மகிமை இல்லை.

மெலியும் மருந்தும் ஆண்மை மருந்தும் சந்தேகம் வந்த நொடியே நிறுத்திவிட வேண்டியவை. வலி மருந்து வாரக் கணக்கில் உள்ளே போயிருந்தால் கதை வேறு. அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள், எத்தனை வாரம், தினம் எத்தனை என்று சொல்லுங்கள், எப்படி நிறுத்துவது என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். மயக்கமோ ஓயாத வாந்தியோ இருந்தால் கிளினிக் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு. புட்டியை எறியாதீர்கள். காலிப் புட்டியாக இருந்தாலும், இரண்டு காப்ஸ்யூல்தான் மிச்சம் என்றாலும், டப்பா, ரசீது, விற்றவர் அனுப்பிய வாட்சாப் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சிகிச்சை கொடுக்கும் டாக்டருக்குச் சந்தேகம் என்றால் கேட்பதற்குப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே தேசிய நச்சு மையம் இருக்கிறது. பொதுமக்களும் அழைத்துக் கேட்கலாம்.

அந்த அம்மா புட்டி குப்பைக்குப் போன மூன்றாம் நாள் குளியலறை வாசலில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் “என்ன மருந்து சாப்பிட்டார்?” என்று கேட்டபோது மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை, குப்பை லாரி வந்து போயிருந்தது. எனக்குப் போன் போட்டார். கைபேசியில் இருந்த லேபிள் படத்தை அனுப்பினேன். படத்தில் இருந்த பெயரைவிட, “மூனே நாள்ல கேட்டுச்சாம், முகம் உப்பியிருந்துச்சு” என்று நான் சொன்னதை மகள் அப்படியே சொன்னதுதான் டாக்டருக்கு உதவியதாம்.

இப்போது எங்கள் கவுண்டருக்கு இரண்டு சீட்டோடு வருகிறார். ஒன்று பழைய கொதிப்பு மாத்திரைக்கு. இன்னொன்று பிரெட்னிசோலோன், மாதா மாதம் ஒரு சிட்டிகை குறைத்து எழுதியிருக்கிறார்கள். கன்னம் வற்றிவிட்டது. முட்டி வலி திரும்பிவிட்டது. புலம்பலும்.